திரைக்குப் பின்னால் ஒரு நாற்காலி

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குள் எங்கள் வேன் ஊருக்குள் போய்விட வேண்டும். ஒன்பது மணிக்குமேல் ஆண்களைப் பிடிக்க முடியாது. முந்தைய நாளே கிராம சுகாதார செவிலியர் வீடு வீடாகச் சொல்லியிருப்பார். பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் நான்கு பெஞ்சுகள். பெயர்ப்பதிவு, ரத்த அழுத்தம், பிறகு விரல் நுனியில் ஒரு குத்து. ஒரு சொட்டு ரத்தம், இருபது நிமிடக் காத்திருப்பு. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி, சி கிருமிகள் உடலில் இருப்பதற்கான அடையாளம் உண்டா என்று அந்தச் சிறிய பட்டை காட்டிவிடும். கல்லீரல் நோய் மருத்துவராகப் பல ஆண்டுகளாக இத்தகைய இலவச முகாம்களுக்குப் போய்வருகிறேன்.

பரிசோதனை எளிது. அதற்குப் பிறகு நடப்பதில்தான் நாங்கள் தவறு செய்தோம்.

தொடக்க கால முகாம் ஒன்றில், கிருமி இருப்பதாகத் தெரிந்தவர்களுக்கு ரோஸ் நிறச் சீட்டும் மற்றவர்களுக்கு வெள்ளைச் சீட்டும் கொடுத்தோம். பதிவேட்டைச் சரிபார்க்க வசதியாக இருக்கும் என்று நினைத்துச் செய்தது. ஒரு மணி நேரத்தில் அந்த நிறத்தின் பொருள் ஊருக்கே தெரிந்துவிட்டது. ரோஸ் சீட்டு வாங்கியவர்களில் டீக்கடை வைத்திருந்த ஒருவரும் இருந்தார். அடுத்த மாதம் நாங்கள் போனபோது அவர் கடை பூட்டிக் கிடந்தது. டீக் கிளாஸால் பரவவே பரவாத ஒரு கிருமிக்காக ஒரு குடும்பத்தின் பிழைப்பு நின்றுபோயிருந்தது. கிருமி செய்த வேலை அல்ல அது, எங்கள் சீட்டு செய்தது. அவரைக் கெஞ்சிக் கடையைத் திறக்கச் சொல்லி, எங்கள் குழு முழுவதும் அங்கேயே நின்று டீ குடித்தோம். பழைய வாடிக்கையாளர்கள் திரும்பி வரப் பல மாதங்கள் ஆயின.

அன்றிலிருந்து எல்லோருக்கும் ஒரே வெள்ளை உறைதான். முடிவு எதுவாக இருந்தாலும் ஒவ்வொருவரும் திரைக்குப் பின்னால் இருக்கும் நாற்காலியில் ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டுத்தான் வெளியே போக வேண்டும். யார் எதற்காக உட்கார்ந்தார் என்று வரிசையில் நிற்பவர்களால் கண்டுபிடிக்க முடியாது. இதனால் முகாம் இரண்டு மணி நேரம் நீளும். நீளட்டும்.

அந்த நாற்காலியில் நான் அதிகம் கேட்கும் கேள்வி, "தனித் தட்டு, தனி டம்ளர் வைக்க வேண்டுமா டாக்டர்?" என்பதுதான். வேண்டாம் அம்மா. ஒன்றாகச் சாப்பிடலாம், ஒரே படுக்கையில் குழந்தையோடு தூங்கலாம், முத்தம் கொடுக்கலாம். இந்தக் கிருமி ரத்தத்தின் வழியாகவும் உடலுறவின் வழியாகவும் பரவும். பிரசவத்தின்போது தாயிடமிருந்து குழந்தைக்குப் போகும். ஆகவே தனியாக வைக்க வேண்டியவை வேறு: ஷேவிங் பிளேடு, நகவெட்டி, பல் துலக்கும் பிரஷ். ஹெபடைடிஸ் பி கிருமி உடலுக்கு வெளியே ஏழு நாள் வரைகூட உயிரோடு இருக்கக்கூடியது. முடிதிருத்தும் இடத்திலும், காது குத்தும்போதும், பச்சை குத்தும்போதும் புதிய பிளேடு, புதிய ஊசி என்று கேட்டு வாங்குங்கள். கேட்பதில் கௌரவக் குறைவு எதுவும் இல்லை.

அடுத்த கேள்வி பெரும்பாலும் கீழாநெல்லியைப் பற்றியதாக இருக்கும். "எனக்குச் சின்ன வயதில் காமாலை வந்தது, கீழாநெல்லி அரைத்துக் குடித்தேன், பத்தியம் இருந்தேன், போய்விட்டது" என்பார்கள். அவர்கள் சொல்வது பொய்யல்ல. அசுத்தமான தண்ணீரால் வரும் ஹெபடைடிஸ் ஏ, இ வகைக் காமாலை பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகவே சரியாகிவிடும்; பாராட்டு கீழாநெல்லிக்குப் போகும். பி கிருமிக்கும் இந்தச் செடி பலன் தருகிறது என்று சென்னை ஆய்வாளர்கள் 1988இல் 'லான்செட்' மருத்துவ இதழில் எழுதியது உண்மை. நம் மண்ணின் செடி உலகைக் காப்பாற்றும் என்றுதான் எல்லோரும் விரும்பினோம். ஆனால் பிறகு வேறு நாடுகளில் நடந்த ஆய்வுகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. கண் மஞ்சளாகாமலே பத்து இருபது ஆண்டுகள் கல்லீரலைத் தின்றுகொண்டிருக்கும் கிருமி இது. கல்லீரல் கெட்டு வயிற்றில் நீர் கோத்தபின் என்னிடம் வருகிறவர்களில் பலர், "காமாலையே வரவில்லையே டாக்டர்" என்றுதான் பேச்சைத் தொடங்குகிறார்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் 2024ஆம் ஆண்டு அறிக்கைப்படி, 2022இல் இந்தியாவில் சுமார் 2.98 கோடிப் பேர் ஹெபடைடிஸ் பி கிருமியோடு வாழ்ந்தார்கள். பெரும்பாலோருக்கு அது தெரியாது. தொற்று எந்த வயதில் ஏற்பட்டது என்பதே பெரும் வித்தியாசத்தை உண்டாக்குகிறது. வளர்ந்தவருக்குத் தொற்றினால் நூற்றில் தொண்ணூறு பேருக்குமேல் உடலே கிருமியை விரட்டிவிடும். பிறந்த குழந்தைக்குத் தொற்றினால் தலைகீழ்: நூற்றில் தொண்ணூறு குழந்தைகளிடம் அது நிலைத்துவிடும். அதனால்தான் பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் தடுப்பூசி போடப்படுகிறது. தாய்க்குக் கிருமி இருந்தால் தடுப்பூசியோடு, கிருமியை உடனே எதிர்க்கும் புரதமான இம்யூனோகுளோபுலின் ஊசியும் சேரும். அதன்பின் அவர் தாராளமாகத் தாய்ப்பால் கொடுக்கலாம். கர்ப்பிணிகள் எங்கள் முகாமில் வரிசையில் நிற்க வேண்டியதில்லை, முதலில் அவர்களுக்குத்தான் பார்க்கிறோம்.

நாடு முழுவதும் குழந்தைகளுக்கு இத்தடுப்பூசி விரிவுபடுத்தப்பட்டது 2011இல்தான். அதற்கு முன் பிறந்த பெரும்பாலோர் போட்டுக்கொண்டதில்லை. வீட்டில் ஒருவருக்குக் கிருமி இருந்தால் கணவன், மனைவி, பிள்ளைகள், உடன்பிறந்தோர் அனைவருக்கும் பரிசோதனை தேவை. இல்லை என்று வந்தவர்களுக்கு மூன்று தவணைத் தடுப்பூசி: இன்று, ஒரு மாதம் கழித்து, ஆறாவது மாதம். மூன்றாவது தவணையை மறப்பவர்கள்தான் அதிகம். கோயில் திருவிழா, பொங்கல் என்று நாளை அடையாளம் வைத்துச் சொல்லி அனுப்புகிறேன்.

கிருமி இருக்கிறது என்று தெரிந்தவர்களில் எல்லோருக்கும் மாத்திரை தேவைப்படாது. கிருமியின் அளவு, கல்லீரல் நொதிகள், ஸ்கேன் ஆகியவற்றைப் பார்த்துத்தான் முடிவு செய்வோம். மாத்திரை தேவையில்லை என்றாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்ட வேண்டும். டெனோஃபோவிர் போன்ற மாத்திரையைத் தொடங்கியவர் 'நன்றாகத்தானே இருக்கிறேன்' என்று நிறுத்திவிடக் கூடாது. திடீரென நிறுத்தினால் நோய் சீறி எழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஹெபடைடிஸ் சி வேறு கதை. பட்டையில் கோடு தெரிந்தாலும் கிருமி இப்போதும் உடலில் இருக்கிறதா என்று இன்னொரு பரிசோதனை செய்தால்தான் தெரியும். இருந்தால், பெரும்பாலோருக்கு 12 வார மாத்திரைகளில் முழுமையாகக் குணமாகிவிடும். 2018 ஜூலை 28 அன்று தொடங்கிய தேசிய ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின்கீழ் இந்தப் பரிசோதனைகளும் மருந்துகளும் அரசின் சிகிச்சை மையங்களில் இலவசம்.

முகாம் முடிந்ததும் "இன்று எத்தனை பேருக்குப் பார்த்தீர்கள்?" என்று கேட்பார்கள். நாளிதழ்ச் செய்தியிலும் அந்த எண்தான் வரும். எங்கள் பதிவேட்டில் நான் முதலில் பார்ப்பது வேறு எண். கிருமி உள்ளவர்களில் எத்தனை பேர் மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தார்கள்? வராதவர்களைச் செவிலியர் தேடிப் போவார். வாசலில் நின்று நோயின் பெயரைச் சொல்லாமல் "ரத்த அழுத்தம் பார்க்க டாக்டர் வரச் சொன்னார்" என்பார். ஒரு நாள் கூலியும் பஸ் கட்டணமும் இல்லாமல் நின்றுபோனவர்கள் அதில் உண்டு. அலட்சியம் என்று அவர்களைத் திட்ட எனக்கு மனம் வருவதில்லை.

உங்கள் ஊருக்கு முகாம் வந்தால் வயிற்றைப் பட்டினி போடாமல் சாப்பிட்டுவிட்டே வாருங்கள், இந்தப் பரிசோதனைக்கு வெறும் வயிறு தேவையில்லை. பழைய மருத்துவச் சீட்டுகள் இருந்தால் எடுத்து வாருங்கள். முடிந்தால் வீட்டில் உள்ள எல்லோரையும் அழைத்து வாருங்கள்.