கடையடைத்தால் மட்டும் ஆட்சேபணை ஆகாது

வேலூர் லாங் பஜார் பக்கம் "ரோட்டை அகலப்படுத்தப் போறாங்க" என்று பேச்சு கிளம்பினால் முதலில் சங்கக் கூட்டம், அடுத்து கடையடைப்பு. வழக்கறிஞரான என்னைத் தேடிக் கட்சிக்காரர்கள் சத்துவாச்சாரிக்கு வருவது, இடிக்கச் சுவரில் குறி போட்ட பிறகுதான். கையில் இருப்பது ஊரே கையெழுத்துப் போட்ட பொது மனுவின் ஜெராக்ஸ் ஒன்று.

கடையடைப்பு வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் நிலம் எடுக்கும் அதிகாரி பதில் சொல்லியாக வேண்டியது, உங்கள் சர்வே எண்ணைக் குறிப்பிட்டு நீங்கள் எழுத்தில் கொடுத்த ஆட்சேபணைக்குத்தான்.

கலிபோர்னியாவில் கடைவீதி மேம்பாட்டுக்கென்று கட்டட உரிமையாளர்களிடம் தனியாக வரி போட வேண்டுமென்றால், முதலில் தபாலில் வாக்குச்சீட்டு அனுப்ப வேண்டும். கட்டப்போகும் தொகைக்கேற்ப ஓட்டுக்கு மதிப்பு. எதிர்ப்பு ஓட்டின் மதிப்பு கூடினால் வரி போட முடியாது. (பெரிய கட்டடக்காரர் கைதான் ஓங்கும், அது வேறு கதை.) நம் ஊரில் சாலைக்கு நிலம் எடுக்கும்போது அப்படி ஓட்டு கிடையாது. ஆட்சேபணை மனுதான் இருக்கிறது. அதற்குக் கெடு உண்டு.

2013 நில எடுப்புச் சட்டத்தில் முதல்நிலை அறிவிக்கை (நிலம் எடுக்கப்போவதாக அரசு வெளியிடும் முதல் அறிவிப்பு) வந்த 60 நாளுக்குள் ஆட்சேபிக்கலாம். நேரிலோ வழக்கறிஞர் மூலமோ விசாரணை கேட்கலாம். தேசிய நெடுஞ்சாலைக்கு என்றால் 21 நாள்தான், அதுவும் அரசிதழில் வெளியான தேதியிலிருந்து. வீட்டுக்குத் தபால் வரட்டும் என்று உட்கார்ந்திருந்தால் கெடு முடிந்துவிடும். ஆகவே முதல் வேலை, அந்தச் சாலை யாருடையது, எந்தச் சட்டத்தில் எடுக்கிறார்கள் என்று விசாரிப்பது.

இன்னொரு வகை நோட்டீஸ் உண்டு: நிலம் எடுப்பதாகச் சொல்லாமல், நீங்கள் ஆக்கிரமித்திருப்பதாகச் சொல்வது. இங்கேதான் பலர் பயந்துபோய் தாங்களே இடித்துக்கொள்கிறார்கள். அவசரப்படாதீர்கள். உத்தரப் பிரதேசத்தில் 2019-ல் சாலை விரிவாக்கத்துக்காக ஒரு வீட்டை இடித்த வழக்கில், 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் நடைமுறை வகுத்தது. ஆவணப்படி சாலையின் அகலம் என்ன என்று முதலில் பார்க்க வேண்டும், அளக்க வேண்டும், ஆக்கிரமிப்பு இருந்தால் எழுத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும், ஆட்சேபணை வந்தால் காரணம் சொல்லி உத்தரவு போட வேண்டும். இருக்கிற அகலம் போதாமல் உங்கள் இடம் தேவைப்பட்டால் நிலத்தைச் சட்டப்படி எடுத்துத்தான் ஆக வேண்டும். அந்த வீட்டுக்காரருக்கு 25 லட்ச ரூபாய் இடைக்கால இழப்பீடும் கொடுக்கச் சொன்னார்கள்.

அப்படியானால் விவகாரமே அளவில்தான். நகர நில அளவைப் பதிவேட்டு நகல், எஃப்.எம்.பி. (சர்வே எண்வாரியான நில அளவை) வரைபடம், தாய்ப்பத்திரம் மூன்றிலும் உள்ள அளவை ஒப்பிடுங்கள். பழைய பத்திரங்களில் "தெருவுக்கு மேற்கு" என்று எல்லை மட்டும் இருக்கும், அளவு இருக்காது. அதற்கு இப்போதே சர்வேயரை வைத்து அளந்துவிடுவது நல்லது. மனுவின் நகலில் தேதியோடு அலுவலக முத்திரை வாங்காமல் வராதீர்கள்.

மண்டித் தெரு மாதிரி இடங்களில் வாடகைக்குக் கடை நடத்துபவர்களுக்கும் ஒரு வார்த்தை. நில எடுப்புக்கு முன் 3 ஆண்டு அங்கே தொழில் செய்து, முக்கிய வருமானமே அதுதான் என்றால், 2013 சட்டம் உங்களையும் பாதிக்கப்பட்ட குடும்பமாகத்தான் பார்க்கிறது. வாடகை ஒப்பந்தம், ரசீது, மாநகராட்சி உரிமம் எல்லாம் எடுத்து வையுங்கள். "ஓனர் பார்த்துக்குவார்" என்று விட்டால் அவர் தன் நிலத்துக்கான பணத்தை வாங்கிக்கொண்டு போய்விடுவார். பாதிக்கப்பட்ட குடும்பங்களின் கணக்கெடுப்பில் உங்கள் பெயரே இருக்காது.