அழித்ததையும் அனுப்ப வேண்டும்: உலாவி ஒத்திசைவு இயங்கும் விதம்

ரயிலில் சமிக்ஞை கிடைக்காத ஒரு நேரத்தில், முன்பே திறந்து வைத்திருந்த வங்கிப் பக்கம் ஒன்றை ஒருவர் தம் கைபேசியின் ஃபயர்ஃபாக்ஸ் உலாவியில் ‘வீட்டுக் கடன்’ என்ற புக்மார்க் கோப்புறைக்குள் சேமிக்கிறார். வீட்டுக்கு வந்ததும் மேசைக் கணினியில் பழைய புக்மார்க்குகளை ஒழுங்கு செய்யும்போது, சேமித்ததை மறந்து, அதே கோப்புறையை இனித் தேவையில்லை என்று அழித்துவிடுகிறார். சற்று நேரத்தில் கைபேசியும் இணையத்தில் சேர்கிறது. இப்போது என்ன நடக்க வேண்டும்? கோப்புறையோடு சேர்ந்து அந்தப் பக்கமும் போய்விட வேண்டுமா, அல்லது பக்கத்துக்காகக் கோப்புறை மறுபடி முளைக்க வேண்டுமா?

ஒத்திசைவு என்றால் ஒரு கருவியில் இருப்பதை இன்னொரு கருவிக்குக் கொண்டு சேர்ப்பது என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். கொண்டு சேர்ப்பது எளிய வேலை. தனித்தனியே மாறிக்கொண்டிருக்கும் இரண்டு மூன்று பிரதிகளுக்கு இடையில், யாரிடமும் கேள்வி கேட்காமல், எதையும் தொலைக்காமல் உடன்பாடு காண்பதே கடினம்; அதிலும் அழித்தல் என்ற செயலை மற்றக் கருவிகளுக்குச் சரியாகப் புரியவைப்பது மிகக் கடினம். நிரலும் வடிவமைப்பும் பொதுவில் திறந்து கிடப்பதால், ஃபயர்ஃபாக்ஸின் ஒத்திசைவை எடுத்துக்கொண்டு இதைப் பார்க்கலாம்.

ஃபயர்ஃபாக்ஸை உருவாக்கும் மொசில்லாவின் ஆய்வகம் 2007 டிசம்பரில் ‘வீவ்’ என்ற பெயரில் வெளியிட்ட சோதனை முயற்சி இது. 2010-இல் ‘ஃபயர்ஃபாக்ஸ் சிங்க்’ என்று பெயர் மாறி, 2011 மார்ச்சில் வந்த ஃபயர்ஃபாக்ஸ் 4-இல் உலாவியின் உள்ளேயே இடம்பெற்றது. அன்று புதிய கருவியை இணைக்க, ஒரு திரையில் தோன்றும் 12 எழுத்துக் குறியீட்டை மற்றதில் தட்ட வேண்டும். கையில் பழைய கருவி இல்லாவிட்டால், நீளமான மீட்புச் சாவி ஒன்றை எங்காவது எழுதி வைத்திருக்க வேண்டும். பாதுகாப்பில் அந்த ஏற்பாட்டுக்குக் குறைவில்லை. ஆனால் ஒரே கருவி வைத்திருந்து அது உடைந்துபோனவருக்கு, மீட்புச் சாவியும் கையில் இல்லையென்றால், சர்வரில், அதாவது கருவிகளுக்கு நடுவே தரவை வைத்திருக்கும் மொசில்லாவின் கணினியில், இருந்த தரவு பூட்டிய பெட்டியாகவே நின்றுவிட்டது. 2014 ஏப்ரலில் வந்த ஃபயர்ஃபாக்ஸ் 29 முதல், மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் கொண்டு நுழையும் இன்றைய முறை வந்தது.

இந்த முறையில் உலாவி தன் தரவுக் கோப்பை முழுதாக அனுப்புவதில்லை. அப்படி அனுப்பினால், கடைசியாக வந்த கோப்பு முந்தையதை மூடிவிடும். காலையில் கைபேசியில் சேர்த்தவை மாலையில் கணினியால் காணாமல் போகும். ஆகவே எல்லாம் சின்னச் சின்னப் பதிவுகளாக உடைக்கப்படுகின்றன. ஒரு புக்மார்க் ஒரு பதிவு. ஒரு கடவுச்சொல் ஒரு பதிவு. பார்த்த ஒரு முகவரியும் அதற்குச் சென்ற வருகைகளும் ஒரு பதிவு. ஒரு கருவியில் திறந்திருக்கும் டேப்கள் எல்லாம் சேர்ந்து ஒரு பதிவு. புக்மார்க், வரலாறு போன்றவற்றின் ஒவ்வொரு பதிவுக்கும், தற்செயலாக உருவாக்கிய 12 எழுத்து அடையாளம் உண்டு. தலைப்பை மாற்றினாலும் முகவரியை மாற்றினாலும் இந்த அடையாளம் மாறாது என்பதால், இரண்டு கருவிகளும் ஒரே பொருளைப் பற்றித்தான் பேசுகின்றன என்பது உறுதியாகிறது.

பதிவின் உள்ளடக்கம் கருவியை விட்டு வெளியேறும் முன்பே மறையாக்கம் செய்யப்படுகிறது, அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றப்படுகிறது. நுழைவுப் பக்கத்தில் நாம் தட்டும் கடவுச்சொல் சர்வருக்குப் போவதில்லை. அதை மின்னஞ்சல் முகவரியோடு கலந்து, ஒரு கணிதச் சார்புக்குள் திரும்பத் திரும்பச் செலுத்தி (தொடக்க வடிவமைப்பில் 1000 சுற்றுகள்), கிடைக்கும் விளைவிலிருந்து ஒன்றுக்கொன்று தொடர்பு தெரியாத இரண்டு மதிப்புகளை உலாவி பிரித்தெடுக்கிறது. ஒன்று ‘நான்தான்’ என்று நிரூபிப்பதற்காகச் சர்வருக்கு அனுப்பப்படுகிறது. மற்றது கருவியை விட்டு வெளியே போவதே இல்லை. தரவின் உண்மையான சாவியைச் சர்வர் ஓர் உறைக்குள் வைத்துத்தான் தருகிறது. அந்த உறையைப் பிரிக்க இந்த இரண்டாவது மதிப்பு வேண்டும். முதலாவதை வைத்துக்கொண்டு இரண்டாவதைக் கணக்கிட முடியாது என்பதால், சர்வரை நடத்துபவருக்கும் உறைக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாது. எந்தக் கதவையும் இரண்டு சாவியால் பூட்டலாம். ஒரே சொல்லிலிருந்து இரண்டு சாவிகளைச் செய்து, ஒன்றைக் காவல்காரரிடம் கொடுத்த பிறகும் மற்றதைப் பத்திரமாக வைத்திருப்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கும் ஏற்பாடு.

இதற்கு ஒரு விலையும் உண்டு. கடவுச்சொல்லை மறந்து புதிதாக அமைத்தால், பழைய உறையைப் பிரிக்கும் வழி போய்விடுகிறது. மீட்புச் சாவி எடுத்து வைத்திருந்தால் தவிர, சர்வரில் இருந்த பழைய தரவு பயனற்றதாகி அழிக்கப்படும். கையிலுள்ள கருவி எதிலாவது பிரதி இருந்தால், அதிலிருந்துதான் எல்லாம் மறுபடி ஏற்றப்படும். காப்புப் பிரதி எடுத்து வைக்கும் வேலைக்கு ஒத்திசைவை நம்பக்கூடாது என்று சொல்வது இதனால்தான். குரோம் உலாவியிலும், தனியாக ஒரு கடவுத்தொடர் அமைத்துக்கொண்டால், கூகுள் நிறுவனத்தால் படிக்க முடியாத வகையில் தரவை வைக்கலாம். ஆனால் அதை நாமே தேடிப் போய் அமைக்க வேண்டும். ஃபயர்ஃபாக்ஸில் அதுவே இயல்பு நிலை என்பதை நான் பெரிய வேறுபாடாகக் கருதுகிறேன்.

எல்லாமே மறைவு என்றும் சொல்லிவிட முடியாது. புக்மார்க், வரலாறு என்று வகைவாரியாகப் பிரித்த எந்தத் தொகுப்பில் எத்தனை பதிவுகள், அவற்றின் அளவு என்ன, எப்போது மாறின என்பன சர்வருக்குத் தெரியும். ஒருவரிடம் நானூறு புக்மார்க்குகள் இருப்பதையும், அவற்றுள் மூன்று நேற்றிரவு மாறியதையும் அது அறியும். எந்தத் தளங்கள் என்பதை அறியாது. தவிர, கடவுச்சொல்லைத் தட்டும் பக்கத்தையே மொசில்லாதான் அனுப்புகிறது என்பதால், அந்தப் பக்கத்தின் நிரல் நேர்மையானது என்ற நம்பிக்கையில்தான் இந்த அமைப்பு நிற்கிறது.

படிக்கத் தெரியாத சர்வரால் முரண்களைத் தீர்க்க முடியாது. பதிவுகளை வாங்கி வைப்பதும், கேட்டவருக்குக் கொடுப்பதும், நேரமுத்திரை இடுவதுமே அதன் பணி. தீர்ப்பு சொல்லும் அறிவு முழுவதும் கருவிகளிடம்தான் இருக்க வேண்டும். ஒரு கருவி, ‘நான் கடைசியாகப் பார்த்த நேரத்துக்குப் பிறகு மாறியவற்றை மட்டும் கொடு’ என்று கேட்கிறது. வந்தவற்றைத் தன்னிடம் உள்ளவற்றோடு சேர்த்துவிட்டு, ‘அந்த நேரத்துக்குப் பிறகு வேறு யாரும் எழுதவில்லை என்றால் மட்டும் இதை ஏற்றுக்கொள்’ என்ற நிபந்தனையோடு தன் மாற்றங்களை அனுப்புகிறது. இடையில் இன்னொரு கருவி எழுதியிருந்தால், சர்வர் 412 என்ற பிழை எண்ணைத் திருப்பி அனுப்பும். உடனே கருவி பின்வாங்கி, புதியதைப் படித்துச் சேர்த்துக்கொண்டு மறுபடி வரும்.

எப்போது ஒத்திசைப்பது என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் உலாவி மதிப்பெண் போடுகிறது. ஒரு பக்கத்தைப் பார்த்தது சிறிய நிகழ்வு. அதற்கு ஒரு மதிப்பெண்தான். புக்மார்க் சேர்த்ததோ கடவுச்சொல் சேமித்ததோ முந்நூறைத் தாண்டும். பல கருவிகள் உள்ள கணக்கில் எல்லைக்கோடே 300 என்பதால், புக்மார்க் கிட்டத்தட்ட உடனே கிளம்பிவிடும். வரலாறு அடுத்த முறைக்காகக் காத்திருக்கும். கணினி பயன்பாட்டில் இருந்தால் பத்து நிமிடம், சும்மா கிடந்தால் ஒரு மணி நேரம் என்பது வழக்கமான இடைவெளி. இப்போது கணினியில் பார்த்த பக்கம் கைபேசியின் வரலாற்றில் இன்னும் வரவில்லையே என்று திகைப்பவர்கள், இந்த இடைவெளியைத்தான் எதிர்கொள்கிறார்கள்.

ஒரே பதிவு இரண்டு கருவிகளிலும் மாறியிருந்தால், பெரும்பாலான தரவு வகைகளில் புதிய மாற்றமே நிற்கும். ஆனால் எது புதியது? கைபேசியின் கடிகாரம் சரியாக இருக்கலாம். கணினியின் கடிகாரம் பின்தங்கியிருக்கலாம். இரண்டு நேரங்களை அப்படியே ஒப்பிட்டால் தவறான மாற்றம் வென்றுவிடும். எனவே நேரங்களை ஒப்பிடாமல் வயதுகளை ஒப்பிடுகிறார்கள். தன்னிடம் நடந்த மாற்றம் எவ்வளவு நேரத்துக்கு முன் நடந்தது என்பதைக் கருவி தன் கடிகாரத்தைக் கொண்டே அளக்கிறது. சர்வரில் உள்ள பதிவு எவ்வளவு பழையது என்பதைச் சர்வரின் கடிகாரத்தைக் கொண்டு அளக்கிறது. கடிகாரம் ஒரு மணி நேரம் பிந்தியிருந்தாலும், ‘ஐந்து நிமிடங்களுக்கு முன்’ என்பது அதில் ஐந்து நிமிடங்களாகவே இருக்கும். ஒரு கழித்தல் கணக்கில் பெரிய சிக்கலொன்று தீர்ந்துவிடுகிறது.

இனி அழித்தலுக்கு வருவோம். கணினியில் ஒரு பதிவை அழித்துவிட்டு, சர்வரிலிருந்தும் அதைச் சத்தமில்லாமல் நீக்கிவிட்டால் என்ன ஆகும்? ‘புதிதாக மாறியவை என்ன’ என்று கேட்கும் கைபேசிக்கு இல்லாத ஒன்று பதிலாக வராது. அது தன்னிடமுள்ள பிரதியை வைத்துக்கொண்டே இருக்கும். பின்னொரு நாள் அதில் சிறு மாற்றம் செய்தால் அதைத் திரும்ப ஏற்றவும் செய்யும். எனவே அழிப்பதும் எழுதுவதுதான்: அதே 12 எழுத்து அடையாளத்தோடு, ‘அழிக்கப்பட்டது’ என்ற குறிப்பு மட்டும் கொண்ட ஒரு பதிவு பழையதன் இடத்தில் வைக்கப்படுகிறது. இதை நிரலாளர்கள் கல்லறைக்கல் என்கிறார்கள். இதுவும் மறையாக்கம் செய்தே அனுப்பப்படுகிறது.

புக்மார்க்குகளில் இதுவும் போதாது, ஏனெனில் அவை ஒரு மரம். கோப்புறைப் பதிவு தன் பிள்ளைகளின் அடையாளங்களை வரிசையாக வைத்திருக்கிறது. ஒவ்வொரு பிள்ளையும் தன் பெற்றோரின் அடையாளத்தை வைத்திருக்கிறது. கோப்புறை ஏறி, பிள்ளைகள் ஏறும் முன் இணைப்பு அறுந்தால், இல்லாத பிள்ளைகளைச் சுட்டும் கோப்புறை மற்றக் கருவிகளுக்குப் போய்ச் சேரும். பழைய நாட்களில் புக்மார்க்குகள் இடம் மாறியும் வரிசை குலைந்தும் போனதற்கு இது ஒரு காரணம். இப்போது மாற்றங்கள் ஒரு கட்டாக ஏற்றப்பட்டு, முழுவதும் வந்து சேர்ந்த பிறகே ஒரே மூச்சில் நடைமுறைக்கு வருகின்றன.

மரங்களை இணைக்க, ரஸ்ட் மொழியில் எழுதப்பட்ட ‘டாக்இயர்’ என்ற நிரல் தொகுதி பயன்படுகிறது. கருவியில் உள்ள மரத்தோடும் சர்வரிலிருந்து வந்த மரத்தோடும் கூடவே, கடந்த ஒத்திசைவின்போது சர்வரில் இருந்த நிலை ஒரு கண்ணாடிப் பிரதியாகக் கையில் இருக்கும். இந்தப் பிரதி இல்லையென்றால், ஒரு பக்கம் இருந்து மறுபக்கம் இல்லாத புக்மார்க் புதிதாகச் சேர்ந்ததா, அங்கே அழிக்கப்பட்டதா என்று சொல்லவே முடியாது. இருந்தால் கேள்வி எளிதாகிறது: முன்பு இருந்து இப்போது இல்லாதது அழிக்கப்பட்டது, முன்பு இல்லாமல் இப்போது இருப்பது சேர்க்கப்பட்டது.

ஒரு பக்கம் அழிக்கப்பட்டு மறுபக்கம் திருத்தப்பட்ட புக்மார்க்கை டாக்இயர் காப்பாற்றுகிறது; அழிப்பை விட்டுவிட்டுத் திருத்தத்தை ஏற்கிறது. கோப்புறைக்கு நேர்மாறு: அழிப்பே செல்லும். ஆனால் அதற்குள் மறுபக்கம் புதிதாகச் சேர்ந்தவையோ மாறியவையோ இருந்தால், அவை மேலே உள்ள பெற்றோர்களுள் உயிரோடிருக்கும் மிக அருகிலுள்ள கோப்புறைக்கு இடம்பெயரும். ஆகவே அந்தக் கைபேசியிலும் கணினியிலும் ‘வீட்டுக் கடன்’ கோப்புறை இருக்காது. அது புக்மார்க் பட்டியின் மேல்தளத்தில் இருந்ததென்றால், ரயிலில் சேமித்த வங்கிப் பக்கம் அந்தப் பட்டியிலேயே தனியாக வந்து நிற்கும்.