மேட்சிங் நம்பர்ஸ்: கூடப் பிறந்ததா, கட்டி வந்ததா?

பழைய அமெரிக்க மஸில் கார் (பெரிய இன்ஜின் வைத்த வேக வண்டி) விற்பனைக்கு என்று எந்த விளம்பரத்தைப் பார்த்தாலும் இந்த இரண்டு சொல் கண்ணில் படும்: மேட்சிங் நம்பர்ஸ். சிலர் நம்பர்ஸ் மேட்சிங் என்று திருப்பிப் போடுவார்கள். பொருளில் வேறுபாடு இல்லை, ஆசை மட்டும் கூடத் தெரியும். கொட்டகையில் முப்பது வருடம் கிடந்து, அடித்தகடு துருவில் உதிர்ந்து, பேரீச்சம்பழத்துக்குப் போடலாம் என்ற நிலையில் இருக்கும் வண்டிக்கும் இந்தச் சொல் உண்மையாகப் பொருந்தினால் விலை ஏறிவிடும். பட்டி டிங்கரிங் பார்த்துப் பளபளவென்று நிற்கிற வண்டிக்கு அது இல்லையென்றால் வாங்க வந்தவர் முகம் சுருங்கிவிடும்.

சரி, எந்த நம்பர் எதோடு மேட்ச் ஆகவேண்டும்?

நம் ஊர் ஆர்.சி. புத்தகத்தில் சேஸிஸ் நம்பர் ஒன்று, இன்ஜின் நம்பர் ஒன்று என இரண்டு இருக்கும். பழைய பைக் விற்றவர்களுக்குத் தெரியும், சேஸிஸ் நம்பர் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுப்பார்கள். அந்த இரண்டு நம்பரும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை. இரண்டும் ஒரே வண்டியைச் சேர்ந்தவை என்பதற்கு ஆர்.சி. புத்தகம்தான் சாட்சி. 1960களின் பிற்பகுதி அமெரிக்க வண்டிகளில் ஏற்பாடு வேறு. வண்டியின் அடையாள எண்ணில் ஒரு பகுதியை இன்ஜினின் முக்கிய உடலான பிளாக்கிலேயே குத்திவிடுவார்கள். தாளைத் தேடவேண்டாம், இரும்பே சாட்சி சொல்லும்.

1969 ஷெவர்லே கமாரோவை எடுத்துக்கொள்வோம். அதன் அடையாள எண்ணுக்கு 13 இடங்கள். இன்றைய 17 இட எண் 1981 மாடல்களில்தான் வந்தது. முதலில் வரும் 1 ஷெவர்லேயைக் குறிக்கும். அடுத்த 24, வி8 என்ற எட்டு சிலிண்டர் இன்ஜின் கொண்ட கமாரோ. 37 என்றால் இரண்டு கதவுக் கூப்பே. அதற்கடுத்த 9 மாடல் ஆண்டு. பிறகு ஆலையின் எழுத்து: ‘என்’ என்றால் ஓஹியோவின் நார்வுட், ‘எல்’ என்றால் கலிஃபோர்னியாவின் வான் நைஸ். கடைசி ஆறு இலக்கமும் வரிசை எண். இது டாஷ்போர்டின் இடப்பக்கத்தில், முன் கண்ணாடி வழியாகப் பார்த்தால் தெரிகிற தகட்டில் இருக்கும். இன்ஜினில் இதைச் சுருக்கிக் குத்தியிருப்பார்கள்: 1, 9, ‘என்’, பிறகு அதே ஆறு இலக்கம். வலப்பக்க சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால் துருத்திக்கொண்டிருக்கும் சிறு திட்டில் விளக்கடித்துப் பார்த்தால் தெரியும், கிரீஸையும் அழுக்கையும் துடைத்த பிறகு. தகட்டில் இருக்கும் ஆறும் திட்டில் இருக்கும் ஆறும் ஒன்றாக இருந்தால் அந்த இன்ஜின் அந்த வண்டியோடு ஆலையை விட்டு வெளியே வந்தது. மேட்சிங் நம்பர்ஸ் என்பதன் கண்டிப்பான பொருள் இவ்வளவுதான்.

சிக்கல் இதற்குப் பிறகுதான். இன்ஜினில் இந்த ஒரு நம்பர் மட்டும் இல்லை. பிளாக்கை வார்த்தபோதே மேலே எழும்பி நிற்கும்படி வந்த வார்ப்பெண் உண்டு. அது அந்த வகைப் பிளாக் எல்லாவற்றுக்கும் பொது. பிளாக்கில் வார்த்த தேதியும் இருக்கும்: ‘சி 14 9’ என்றால் மூன்றாம் மாதம் 14ஆம் தேதி, 1969. இன்ஜினைப் பூட்டிய ஆலை, பூட்டிய நாள், எந்த ரக வண்டிக்கானது என்பதைச் சொல்லும் குறி தனியாகக் குத்தப்பட்டிருக்கும். 1969 கமாரோவின் இஸட்/28 என்ற ரகத்தில் வந்த 302 கன அங்குல இன்ஜினுக்கு அந்தக் குறி ‘டிஇஸட்’. இவை எதுவும் வண்டியின் நம்பரோடு ஒன்றாக இருக்கவேண்டியதில்லை, இருக்கவும் முடியாது. வண்டிக்கு ஏற்றதாக இருந்தால் போதும். வார்த்த நாள் முன்னால், பூட்டிய நாள் பின்னால், வண்டி வெளிவந்த நாள் அதற்கும் பின்னால் என்று வரவேண்டும். வண்டி பிறந்த பிறகு வார்த்த பிளாக் அதன் வயிற்றில் இருந்தால் கதை வேறு.

நம்பர் ஒன்றாக இருப்பதையும் வண்டிக்கு ஏற்றதாக இருப்பதையும் விற்பவர்கள் குழப்பிவிடுகிறார்கள். வேறொரு கமாரோவிலிருந்து கழற்றிய, சரியான வார்ப்பெண்ணும் சரியான தேதியும் உள்ள இன்ஜினைப் பொருத்திவிட்டு ‘மேட்சிங்’ என்று போட்டுவிடுவார்கள். கேட்டால், நம்பர் எல்லாம் அந்த வருடத்துக்குச் சரியாகத்தானே இருக்கிறது என்பார்கள். பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை. ஆங்கிலச் சொல் இடம் கொடுக்கிறது, அவர்கள் மடத்தைப் பிடுங்கிக்கொள்கிறார்கள்.

தமிழில் இதை ஒரே சொல்லால் பெயர்த்தால் அதே ஓட்டை நமக்கும் வந்துவிடும். நம்மிடம் இதற்கு இரண்டு சொல் இருக்கின்றன: ஒப்பு, பொருத்தம். ஒப்பு என்பது ஒன்று இன்னொன்றைப் போலவே இருப்பது. உவம உருபான ‘ஒப்ப’வும், நகலை மூலத்தோடு வைத்து ஒப்புநோக்குவதும் அந்த வேரிலிருந்து வந்தவை. பொருத்தம் அப்படி இல்லை. பொருந்து, பொருத்து, பொருத்தம் என்று வருகிற இந்தச் சொல், வெவ்வேறான இரண்டு ஒன்றோடொன்று சேர்ந்து நிற்பதைச் சொல்கிறது. கதவும் நிலையும் பொருந்தும், ஆனால் கதவு நிலையைப் போல இருக்காது. கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கிறோம். பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் ஒரே நட்சத்திரமா என்பதா கேள்வி? இவருக்கு அவர் சேருவாரா என்பதுதானே.

ஆகவே என் பரிந்துரை இது. வண்டியின் நம்பரே இன்ஜினிலும் இருந்தால் அது எண்ணொப்பு. நம்பர் வேறு, ஆனால் வார்ப்பெண்ணும் தேதியும் ரகக்குறியும் அந்த வண்டிக்கு ஏற்றவை என்றால் அது எண் பொருத்தம். பேச்சு வழக்கில் இன்னும் எளிது: முதலாவது கூடப் பிறந்த இன்ஜின், இரண்டாவது கட்டி வந்த இன்ஜின். கட்டி வந்தது நல்லபடியாகக் குடும்பம் நடத்தலாம், ஓட்டத்தில் ஒரு குறையும் இருக்காது. கூடப் பிறந்தது என்று மட்டும் சொல்லக்கூடாது.

இதற்கு மறுப்புச் சொல்பவர்களுக்கு ஒரு ஆயுதத்தை நானே எடுத்துக் கொடுக்கிறேன். தொல்காப்பியம் தலைவனுக்கும் தலைவிக்கும் இருக்கவேண்டிய பத்தை ‘ஒப்பு’ என்றுதான் சொல்கிறது, பொருத்தம் என்று அல்ல. அந்தப் பத்தில் பிறப்பும் இருக்கிறது, ஆண்டும் இருக்கிறது, கமாரோவுக்கு எழுதியது போல. ஆனால் இன்று யாரும் ‘ஜாதக ஒப்பு’ பார்ப்பதில்லை. இரண்டு சொல்லும் பிரிந்து ரொம்ப நாளாயிற்று, அந்தப் பிரிவைப் பயன்படுத்திக்கொள்வதில் தவறில்லை என்பது என் எண்ணம். இன்னொன்று, எண்பொருத்தம் என்று சேர்த்து எழுதாதீர்கள். எண்திசை, எண்குணம் போல எட்டுப் பொருத்தம் என்று படித்துவிட்டு, மீதி இரண்டு எங்கே என்று யாராவது கேட்பார்கள்.

இவ்வளவு வண்டிகளில் கூடப் பிறந்த இன்ஜின் எப்படிக் காணாமல் போயிற்று? மஸில் கார் என்பதே நடுத்தர அளவு வண்டியில் பெரிய இன்ஜினைத் திணித்த விஷயம். 1964இல் பான்டியாக் தன் டெம்பஸ்ட் வண்டியில் 389 கன அங்குல இன்ஜினை வைத்து ஜி.டி.ஓ. என்று விற்றதிலிருந்துதான் இந்த வகை சூடு பிடித்தது. வாங்கியவர்கள் பெரும்பாலும் இளவட்டங்கள். வார நாளில் வேலைக்குப் போய், வார இறுதியில் கால் மைல் பந்தயத்தில் ஓட்டினார்கள். கனெக்டிங் ராட் பிளாக்கைப் பொத்துக்கொண்டு வெளியே வந்தால் வேறு இன்ஜின் போட்டார்கள், அவ்வளவுதான். உத்தரவாதக் காலத்தில் உடைந்தால் கம்பெனியே மாற்றுப் பிளாக் கொடுத்தது. ஷெவர்லேயின் மாற்றுப் பிளாக்குகளில் ‘சிஇ’ என்ற குறி இருக்கும். நாற்பது வருடம் கழித்து இதை ஒருவர் லென்ஸ் வைத்துப் பார்ப்பார் என்று அன்று யார் நினைத்தார்கள்?

நம்பருக்கு விலை வந்ததும் போலி நம்பரும் வந்தது. வேறு பிளாக்கின் திட்டை வழித்துவிட்டு வேண்டிய நம்பரைக் குத்திவிடுவது. கண்டுபிடிக்கவும் வழி இருக்கிறது. ஆலையில் பிளாக்கின் மேற்பரப்பை ஒரே இழுப்பில் சீவும்போது மெல்லிய இணைகோடுகள் விழும். நம்பர் அந்தக் கோடுகளின் மேல்தான் குத்தப்பட்டது. கோடு இல்லாமல் வழவழவென்று இருக்கும் திட்டில் நம்பர் மட்டும் தெளிவாக இருந்தால் சந்தேகப்படவேண்டும். ஆனால் சந்தேகமே தீர்ப்பு ஆகிவிடாது. இன்ஜினைப் பிரித்து வேலை பார்க்கும்போது பிளாக்கின் மேற்பரப்பை மட்டம் செய்வது லேத் பட்டறைகளில் சாதாரண வேலை. அதில் திட்டும் சேர்ந்து சீவப்பட்டு, யாரும் ஏமாற்றாமலேயே நம்பர் போய்விடும். கொட்டகையில் கண்டெடுத்த வண்டியைப் புதுப்பிக்கப் போகிறவர் பட்டறைக்காரரிடம் முதலில் சொல்லவேண்டியது, சிலிண்டர் துளையின் அளவைப் பற்றி அல்ல: ‘அந்த முன் மூலையைத் தொடாதீங்க’ என்பதுதான். கவனமான பட்டறைகள் அந்தத் திட்டை விட்டுவிட்டே மட்டம் பிடிக்கும்.

இன்னொரு சங்கடமும் உண்டு. 1972க்கு முந்திய ஷெவர்லே அடையாள எண்ணில் இன்ஜின் ஆறு சிலிண்டரா வி8ஆ என்பது மட்டும்தான் தெரியும், எந்த வி8 என்று தெரியாது. 1969இல் 20,302 இஸட்/28 வந்தன. 427 கன அங்குல அலுமினிய இன்ஜின் வைத்த இஸட்எல்1 வெறும் 69. டாஷ்போர்டில் உள்ள அடையாள எண் தகட்டை மட்டும் பார்த்தால் இவற்றையும் சாதாரண வி8 கமாரோவையும் பிரித்தறிய முடியாது. கிரைஸ்லர்காரர்கள் இதில் தேவலை. அவர்களுடைய 1971 பிளிமத் ஹெமி குடா வண்டியின் எண்ணில் ஐந்தாவது எழுத்தே ‘ஆர்’, அதாவது ஹெமி என்ற 426 கன அங்குல இன்ஜின். அதைவிட நல்ல சாட்சி, என்னென்ன பூட்டவேண்டும் என்று குறித்து ஆலையில் வண்டியோடு கூடவே போன தாள். பல வண்டிகளில் அது இருக்கை ஸ்பிரிங்குகளுக்குள் செருகப்பட்டு அப்படியே தைக்கப்பட்டுவிட்டது. இப்போது இருக்கையைப் பிரிப்பவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பிரிக்கிறார்கள். பாதித் தாளை எலி தின்றிருக்கும். (எலி என்றதும் ஒன்று. ஷெவர்லேயின் சிறிய வி8க்குப் பட்டப்பெயர் சுண்டெலி, பெரியதற்குப் பெருச்சாளி, ஹெமிக்கு யானை. மஸில் என்ற சொல்லே லத்தீனில் குட்டி எலி என்ற பொருளில் பிறந்தது. புடைத்த தசையில் அவர்கள் எலியைப் பார்த்தார்கள், நாம் கெண்டை மீனைப் பார்த்துக் கெண்டைக்கால் என்றோம்.)

2014இல் சியாட்டிலில் கூரையை மடக்கக்கூடிய ஒரு 1971 ஹெமி குடா கன்வெர்டிபிள் 35 லட்சம் டாலருக்கு ஏலம் போன பிறகு, இந்தச் சொல்லில் ஏன் இத்தனை பிடிவாதம் என்று கேட்பதற்கு இடமில்லை.

எழுதும்போது இன்ஜினோடு நிறுத்திவிடாதீர்கள். கியர் பெட்டியிலும் வண்டி நம்பரின் பகுதி குத்தப்பட்டிருக்கும், பின் ஆக்ஸிலில் ரகக்குறியும் தேதியும் இருக்கும். ‘மேட்சிங் நம்பர்ஸ் கார்’ என்று மொத்தமாகப் போடுவதைவிட இப்படி எழுதலாம்: ‘1969 கமாரோ. இன்ஜின் எண்ணொப்பு உண்டு. கியர் பெட்டி, எண் பொருத்தம் மட்டும். பின் ஆக்ஸில் மாற்றியது.’ கொஞ்சம் விலை குறைத்துக் கேட்பார்கள், கேட்கட்டும்.