மட்கும் பிளாஸ்டிக் பைக்குச் சான்றிதழ்: செட்டிநாட்டுப் பலகாரத் தொழிலுக்கான விதி விளக்கம்

பச்சை இலைப் படமும் ‘மட்கும்’ என்ற சொல்லும் அச்சிடப்பட்டிருப்பதால் மட்டும் ஒரு கேரி பேக் சட்டப்படி மட்கும் பை ஆகிவிடாது. 2016-ஆம் ஆண்டின் பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, அத்தகைய பையைத் தயாரிப்பவரும் விற்பவரும் அதைச் சந்தைக்குக் கொண்டுவரும் முன்பே மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றிதழைப் பெற்றிருக்க வேண்டும். காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பகுதிகளில் தேன்குழலும் சீப்புச் சீடையும் மனகோலமும் செய்து வெளியூருக்கு அனுப்புவோர், புதுவகைப் பைகளுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் இதை அறிந்திருப்பது அவசியம்.

சாதாரண பிளாஸ்டிக் கேரி பேக்கின் தடிமன் 2022 டிசம்பர் 31 முதல் 120 மைக்ரானுக்குக் குறையக் கூடாது என்பது மத்திய விதி. மட்கும் பிளாஸ்டிக்குக்கு அந்த வரம்பு பொருந்தாது; மெல்லியதாகச் செய்து விற்க இடம் தரும் இந்தச் சலுகையே போலிகளுக்கும் வாசல் திறந்துவிடுகிறது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் எந்தத் தடிமனில் இருந்தாலும் சாதாரண பிளாஸ்டிக் கேரி பேக்குக்குத் தடை உள்ளதால், சான்று காட்ட இயலாத கடைக்காரரின் சரக்கு பறிமுதலாகும் ஆபத்து உண்டு.

சான்றிதழுக்கு அடிப்படை ஐ.எஸ்./ஐ.எஸ்.ஓ. 17088 என்னும் தரநிலை. உரக்குவியலில் சுமார் 58 டிகிரி செல்சியஸ் வெப்பம் தொடர்ந்து காக்கப்படும் நிலையில், பொருளிலுள்ள கரிமத்தில் குறைந்தது 90 விழுக்காடு 180 நாட்களுக்குள் கரியமில வாயுவாக மாற வேண்டும். 12 வாரங்களுக்குப் பின் 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்தால் மேலே தங்குவது 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. கன உலோகங்கள் வரம்புக்குள் இருப்பதோடு, கிடைக்கும் உரத்தில் விதை முளைத்துச் செடி நன்கு வளரவும் வேண்டும். இவற்றுள் 58 டிகிரி என்ற எண்ணைத்தான் பலரும் கவனிப்பதில்லை. அந்த வெப்பம் ஆலை அளவில் பராமரிக்கப்படும் உரக்கிடங்கில் கிடைக்கும். வீட்டுக் கொல்லையிலோ, மழைநீருக்காக நம் முன்னோர் வெட்டிவைத்த ஊருணியிலோ கிடைக்காது. முறையாகச் சான்று பெற்ற பையே ஆனாலும் ஊருணியில் வீசப்பட்டால் அது நெடுநாள் அப்படியே கிடக்கும். ஆகவே சான்றிதழைக் கண்ட இடத்தில் எறிவதற்கான அனுமதியாக எவரும் எடுத்துக்கொள்ளலாகாது.

‘மட்கும்’ பிளாஸ்டிக்கும் ‘உயிரிச் சிதைவுறும்’ பிளாஸ்டிக்கும் விதியில் தனித்தனி வகைகள். 2024 மார்ச்சில் வந்த திருத்தத்தின்படி, உயிரிச் சிதைவுறும் பிளாஸ்டிக் என்பது குறிப்பிட்ட சூழலில் நுண்பிளாஸ்டிக் எதையும் மிச்சம் வைக்காமல் சிதைய வேண்டும். சாதாரண பாலிதீனில் வேதிச் சேர்க்கை கலந்து, வெயிலில் துண்டுதுண்டாக உடையச் செய்யும் பைகள் கண்ணுக்கு மறைந்தாலும் மண்ணில் தங்கிவிடுவதால், அவற்றை மட்கும் பை என்று விற்பது தவறு.

பொருளின் தன்மை பற்றியும் வாங்குபவர் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். சோளம், கரும்பு, மரவள்ளி போன்றவற்றின் மாவுச்சத்து அல்லது சர்க்கரையிலிருந்து பெறப்படும் பாலிலாக்டிக் அமிலம் தனியே விறைப்பானது. வளைந்து கொடுக்கும் வேறு மட்கும் பாலிமரோடு கலந்தே அதைப் பையாக்குகிறார்கள். சுமார் 60 டிகிரியில் அது இளகத் தொடங்குவதால் கொதிக்கும் சாம்பாருக்கு ஏற்றதன்று. அதைவிடப் பெரிய சிக்கல் ஈரம். வழக்கமான பாலிபுரொப்பிலீன் பாக்கெட்டோடு ஒப்பிட்டால் இவ்வகைப் படலங்கள் காற்றிலுள்ள ஈரத்தை எளிதாக உள்ளே விடுகின்றன. தேன்குழல் விரைவில் நமத்துப் போகும். ஈரத்தைத் தடுக்கும், ஆனால் தானும் மட்கும் மேற்பூச்சைக் கண்டறிவது இத்துறை ஆராய்ச்சியின் முக்கியப் பணிகளில் ஒன்று. அது கைகூடும் வரை, ஊருக்குள் கொடுக்கும் சீர்ப் பலகாரத்துக்கு நம் பனையோலைக் கொட்டானை விடச் சிறந்த மட்கும் பொருள் இல்லை என்பது என் உறுதியான கருத்து.

ஆராய்ச்சிக்கு அரசு உதவியும் உண்டு. மத்திய இரசாயனம் மற்றும் பெட்ரோ இரசாயனத் துறையின் உயர்திறன் மையத் திட்டம், புதிய பாலிமர்களை உருவாக்கும் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களுக்குத் திட்டச் செலவில் 50 விழுக்காடு வரை மானியம் தருகிறது. இது தனிநபருக்கோ சிறு தொழிற்கூடத்துக்கோ நேரடியாகக் கிடைக்கும் பணமன்று. புதுப்பொருள் செய்ய விரும்பும் சிறுதொழில் முனைவோர், 1968-இல் தொடங்கப்பட்டுச் சென்னை கிண்டியைத் தலைமையிடமாகக் கொண்ட சிப்பெட் (மத்திய பெட்ரோ இரசாயனப் பொறியியல், தொழில்நுட்ப நிறுவனம்) என்னும் அமைப்பை அணுகலாம். அதன் மையம் ஒன்று மதுரையிலும் உள்ளது. வள்ளல் அழகப்பர் வழங்கிய 300 ஏக்கர் நிலத்திலும் 15 லட்சம் ரூபாயிலும் எழுந்த காரைக்குடி சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) உள்ளூரிலேயே இருந்தாலும், அதன் துறை மின்வேதியியல். பைகளின் மட்கும் சோதனைக்குச் சிப்பெட்டிடமே கேட்க வேண்டும். உற்பத்தியையும் தொடங்குவதாக இருந்தால் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பதிவு தனியே தேவை.

வாங்கும்போது, பையின் மீது தயாரிப்பாளர் பெயரும் சான்றிதழ் எண்ணும் அச்சாகியுள்ளனவா என்று முதலில் பார்க்க வேண்டும். இவ்விவரங்களைத் தருவது விதிப்படி கட்டாயம். விற்பனையாளர் காட்டும் சான்றிதழ் நகலில் உள்ள நிறுவனப் பெயர் பையில் உள்ள பெயரோடு ஒத்துப்போகாவிட்டால், வேறொருவரின் நகலைக் காட்டுகிறாரோ என்று ஐயப்பட்டு, மத்திய வாரியத்திடம் சரிபார்க்கும் வரை பணம் கொடுக்காமல் இருப்பதே நல்லது. பலகாரம் நேரடியாகத் தொடும் பாக்கெட் என்றால், உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018-ஆம் ஆண்டு பொதியல் விதிமுறைகளுக்கு அது பொருந்துவதற்கான சோதனை அறிக்கையையும் தனியே கேட்டு வாங்க வேண்டும், ஏனெனில் மட்கும் சான்றிதழ் அதை உறுதி செய்வதில்லை.