மீட்பு வேறு, விடுதலை வேறு

போன மாதம் ஒரு நற்செய்திக் கூட்டம். ஆங்கிலப் பிரசங்கத்தைத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்த தம்பி, 'ரிடெம்ப்ஷன்' வந்தபோதெல்லாம் 'விடுதலை' என்றார். கடனிலிருந்து விடுதலை, நோயிலிருந்து விடுதலை, கண்ணீரிலிருந்து விடுதலை. எனக்கு முன்வரிசையில் ஓர் அம்மா. கணவர் ஆறு வருடமாகப் பக்கவாதத்தில் படுத்திருக்கிறார். ஒவ்வொரு 'விடுதலை'க்கும் அல்லேலூயா சொன்னவர், கடைசியில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

இதே பிழையை எத்தனை மேடைகளில் கேட்டாயிற்று! 'ரிடெம்ப்ஷனு'க்குச் சரியான சொல் மீட்பு. மீள்வது என்றால் தானே திரும்புவது, மீட்பது என்றால் திரும்பக் கொண்டுவருவது. புதிய ஏற்பாட்டின் மூலமொழியான கிரேக்கத்தில் 'அப்பொலுத்ரோசிஸ்'. அதற்குள் இருக்கும் 'லுத்ரோன்', அடிமையையோ கைதியையோ மீட்கக் கொடுக்கும் விலை. மாற்கு 10:45இல் பைபிளின் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு 'மீட்கும்பொருள்' என்று அழகாக வைத்திருக்கிறது. நமக்கும் இது புதிதல்ல. கவர்ந்து போன ஆநிரையை மீட்பது கரந்தைத் திணை. 'தொறு மீட்டுப் பட்டான்', அதாவது மாட்டு மந்தையை மீட்டுச் செத்தான், என்று நடுகல்லில் வெட்டி வைத்தவர்கள் நாம். மாடு வீடு திரும்பியது, மீட்டவன் திரும்பவில்லை.

'விடுதலை என்றால்தான் ஜனங்களுக்குப் புரியும்' என்கிறார்கள். அடகுக்கடைப் படி ஏறாத வீடு நம் ஊரில் எத்தனை? என் கல்லூரிக் கட்டணத்துக்காக அம்மாவின் இரண்டு வளையல்கள் மூன்று வருடம் அடகில் இருந்தன. மீட்கப் போன அன்று நானும் கூடப் போனேன். சீட்டைப் பார்த்து, எடை போட்டு, சின்னக் காகித உறையிலிருந்து கொட்டினார்கள். அம்மா முதலில் தடவிப் பார்த்தது ஒரு நெளிவை. "ஆட்டுக்கல்லுல இடிச்சது, அப்படியே இருக்கு" என்றார். அதே வளையல், அதே நெளிவு. மூன்று வருட வட்டியும் கட்டியாயிற்று. இதை யாராவது 'வளையலுக்கு விடுதலை' என்பார்களா?

விடுதலையில் ஒன்றை விட்டு வெளியே வருகிறோம், அவ்வளவுதான். இழந்தது கைக்கு வருமா, யார் விலை கொடுத்தார், அந்தச் சொல்லில் எதுவும் இல்லை. கிரேக்கத்தில் அதற்கு 'எலூதெரியா' என்று தனிச்சொல்லே உண்டு. பாவத்திலிருந்து காப்பாற்றப்படுவதைச் சொல்லும் இரட்சிப்பு வடசொல் என்பதால் அந்த இடத்திலும் மீட்பையே போடுகிறவர்கள் இன்னொரு பக்கம். 1995இல் வந்த பைபிளின் பொது மொழிபெயர்ப்பு அப்படித்தான் செய்திருக்கிறது. தமிழ்ச்சொல் மேல் எனக்கும் ஆசைதான். ஆனால் இரண்டு கருத்துக்கு ஒரே சொல் என்றால் விலை கொடுத்த கணக்கு மங்கிப்போகிறது.

பைபிளில் ரூத்தின் கதையைப் பாருங்கள். கணவனையும் இரண்டு பிள்ளைகளையும் மோவாபில் புதைத்துவிட்டு வந்த நகோமி, தன்னை மாராள், கசப்பு, என்று கூப்பிடச் சொல்கிறாள். மோசே காலத்தைப் போல அங்கே கடல் பிளக்கவில்லை. மருமகள் ரூத் வெயிலில் கதிர் பொறுக்குகிறாள், தட்டிப் பார்த்தால் ஒரு மரக்கால் வாற்கோதுமை. பிறகு உறவுக்காரன் போவாஸ் ஊர்வாசலில் பத்து மூப்பர் முன்னால் அந்தக் குடும்பத்தின் நிலத்தை மீட்கிறான், ரூத்தையும் மணக்கிறான். செத்தவர்கள் திரும்பவில்லை. ஆனாலும் நகோமியின் மடியில் ஒரு பிள்ளை. விடுதலை என்ற சொல்லை வைத்துக்கொண்டு இந்தக் கதையைச் சொல்ல முடியாது. அந்த முன்வரிசை அம்மாவுக்குச் சொல்லியிருக்க வேண்டியது இந்தக் கதைதான்.

பழைய மொழிபெயர்ப்பிலும் எனக்கு ஒரு குறை உண்டு. எபேசியர் 5:16இல், நாட்கள் பொல்லாதவை, ஆகவே காலத்தைப் 'பிரயோஜனப்படுத்திக்கொள்ளுங்கள்' என்கிறது. மூலத்தில் இருப்பது விலை கொடுத்து வாங்குவதைச் சொல்லும் வினை. கலாத்தியர் 3:13இல் அதே வினையை 'மீட்டுக்கொண்டார்' என்றுதான் தமிழாக்கியிருக்கிறார்கள். இங்கேயும் 'காலத்தை மீட்டுக்கொள்ளுங்கள்' என்றே போட்டிருக்கலாம்.