கம்பர்லாந்து கணவாய்: ஓடை கைவிட்ட வழி

வட அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையோரம் குடியேறிய ஆங்கிலேயர்கள் ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக அப்பலாச்சிய மலைகளைக் கடந்து பெருமளவில் மேற்கே செல்லவில்லை. இத்தனைக்கும் அம்மலைகளின் மிக உயர்ந்த சிகரமே 2,037 மீட்டர்தான். தடையாக இருந்தது உயரத்தைவிட மலைகளின் அமைப்பு. மடிந்து எழுந்த பாறை அடுக்குகளில் சுண்ணாம்புப் பாறையும் களிப்பாறையும் எளிதில் அரிபட்டுப் பள்ளத்தாக்குகளாக, கடினமான மணற்பாறை மட்டும் ஒன்றன்பின் ஒன்றாக நீண்ட முகடுகளாய் எஞ்சியது. இவை வடகிழக்கிலிருந்து தென்மேற்காக ஓடுவதால், பள்ளத்தாக்கின் வழியே நடப்பது எளிது. குறுக்கே கடப்பதுதான் பெரும்பாடு. எனவே மேற்கே போக விரும்பிய பென்சில்வேனியாக்காரர்கள் பலர், முதலில் வர்ஜீனியாவின் பெரும் பள்ளத்தாக்கு வழியாகத் தென்மேற்கே நெடுந்தொலைவு நடந்தார்கள்.

அங்கே, இன்றைய வர்ஜீனியா, கென்டக்கி, டென்னசி மாநிலங்கள் சந்திக்குமிடத்தில், கம்பர்லாந்து மலையில் ஓர் இடைவெளி உண்டு. நிலப்பிளவு ஒன்று அங்கே பாறையை நொறுக்கிப் பலவீனப்படுத்தியிருந்ததால், பழங்கால ஓடை ஒன்று மலையை அறுத்துக்கொண்டு ஓடியது; பின்னர் அது திசைமாறிவிட, நீரற்ற கணவாய் மிஞ்சியது. கணவாயைத் தாண்டியதும் வரும் மிடில்ஸ்பரோ வட்டச் சமவெளி, விண்கல் மோதி உண்டான, ஏறத்தாழ 6 கி.மீ. அகலமுள்ள பள்ளம். அதற்கப்பால் குறுக்கிடும் பைன் மலையைக் கம்பர்லாந்து ஆறே அறுத்து வழிவிட்டிருக்கிறது. மூன்று வாயில்கள் இப்படி அடுத்தடுத்து அமைந்திருக்கின்றன.

இவ்வழியைக் 'கண்டுபிடித்தவர்' என்று டேனியல் பூன் என்ற வேட்டைக்காரரைச் சொல்வது மிகை. காட்டெருமைகளும், செரோக்கி, ஷானி பூர்வகுடி மக்களும் நெடுங்காலமாகப் புழங்கிய தடம் அது. வர்ஜீனியாவைச் சேர்ந்த மருத்துவரும் நில ஆய்வாளருமான தாமஸ் வாக்கரும் 1750-லேயே அங்கு வந்து குறிப்பெழுதியிருந்தார். 1775-இல் பூன் ஏறத்தாழ முப்பது பேருடன் மரங்களையும் புதர்களையும் வெட்டி அத்தடத்தைச் சீர்செய்தார். அப்போதும் அது வண்டி போகும் சாலையன்று. குதிரைகள் வரிசையாக நடந்தன; சேணத்தின் இருபுறமும் தொங்கிய கூடைகளில் சிறு குழந்தைகள் அமர்ந்திருந்தனர். உப்பு, விதைச்சோளம், இரும்புச் சட்டி ஆகியவற்றுக்கே பொதியில் முதலிடம். மரச்சாமான்களைப் போய்ச் சேர்ந்த இடத்தில் செய்துகொள்ளலாமே!

1796-இல்தான் பாதை வண்டிகளுக்காக அகலப்படுத்தப்பட்டது. 1810-க்குள் இரண்டு முதல் மூன்று லட்சம் பேர் கணவாயைக் கடந்திருக்கலாம் என மதிப்பிடப்படுகிறது. 1825-இல் நியூயார்க் மாநிலத்தில் திறக்கப்பட்ட ஈரி கால்வாய் போக்குவரத்தை வடக்கே இழுத்துக்கொண்டது. அக்கால்வாயும் மலையேறவில்லை, மோஹாக் ஆறு அறுத்துவைத்திருந்த தாழ்வான இடைவெளியின் வழியாகவே அதை வெட்டினார்கள்.