உழவு மாடு வாங்குமுன் கடதாசியைப் பாருங்கள்

லேண்ட்மாஸ்டர் (கையால் பிடித்து ஓட்டும் இரு சக்கர உழவு இயந்திரம்) கூலி கட்டுப்படியாகவில்லை, ஒரு சோடி மாடு வாங்கிவிடலாம் என்று யோசிக்கிற சிறு விவசாயிகளுக்கு இது. விலை பேசுவதற்கு முன்னால் கடதாசியைப் பேசுங்கள்.

இலங்கையின் 1958 ஆம் ஆண்டின் 29 ஆம் இலக்க விலங்குகள் சட்டம், அதற்கு 2009 இல் வந்த திருத்தம், இரண்டும்தான் அடிப்படை. அனுமதிப்பத்திரம் இல்லாமல் மாடு ஏற்றினால் வழக்கு. ஏற்றிய வாகனமும் அரசுடைமையாகலாம். களவு மாட்டுக்கும் கள்ள இறைச்சிக்கும் போட்ட வலையில், வயல் உழ வாங்கியவரும் சிக்கிக்கொள்கிறார். அவருக்கு வழி சொல்லத்தான் அலுவலகங்களில் யாருக்கும் நேரமில்லை.

முதலில் தடுக்கி விழுகிற இடம், எந்த அலுவலகம் என்பது. மட்டக்களப்பு மாவட்டத்தின் வடக்கே வாகரையில் வாங்கி, தெற்கே வெல்லாவெளிக்குக் கொண்டுபோவதாக வைத்துக்கொள்வோம். வெல்லாவெளியில் போய் நிற்பதில் பயனில்லை. மாடு புறப்படுகிற பக்கத்தில்தான் வேலை தொடங்கும்: விற்பவரின் உரிமைச் சான்று, அவருடைய கிராம அலுவலரின் உறுதி, அரச கால்நடை வைத்தியரின் சுகாதாரச் சான்றிதழ், அப்புறம் பிரதேச செயலகம். ஆகவே விற்பவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். வைத்தியர் ஊருக்குள் போயிருப்பார். போன் பண்ணிக் கேட்டுவிட்டுப் புறப்பட்டால் ஒரு நாள் கூலி மிஞ்சும். இன்னும் என்ன வேண்டும் என்று செயலகத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். வாய்ச்சொல்லை நம்பினால் நாளைக்கு வேறு கடதாசி கேட்பார்கள்.

பத்திரம் கைக்கு வந்ததும் அங்கேயே நின்று வாசியுங்கள். மாட்டின் காதிலுள்ள இலக்கம், நிறம், குறி, வாகன இலக்கம், திகதி எல்லாம் சரியா? ஓர் இலக்கம் பிசகினாலும் வீதியில் மறிப்பவருக்கு அது போதும். திகதி கடந்த பத்திரத்தோடு ஏற்றாதீர்கள், இரவிலும் ஏற்றாதீர்கள். தரகர் நீட்டுகிற பத்திரம் வேறொரு மாட்டுக்கு எடுத்ததாகவும் இருக்கலாம். இரவல் வாகனம் என்றால் அதன் சொந்தக்காரருக்கும் ஒரு பிரதி கொடுங்கள். அவருடைய பிழைப்பும் இதில் மாட்டியிருக்கிறது.

வீட்டுக்கு வந்த கையோடு உங்கள் பகுதிக் கால்நடை வைத்தியர் அலுவலகத்தில் பெயரை மாற்றிப் பதியுங்கள். போகம் தொடங்குமுன் விவசாயிகளைக் கூட்டி நடத்தும் ஆரம்பக் கூட்டத்துக்கும் கட்டாயம் போங்கள். வயற்கண்டத்திலிருந்து (வயல்கள் சேர்ந்த பரப்பு) மாடுகளை அகற்றும் திகதி அங்கேதான் முடிவாகும்.

காரணம் சொல்லாமல் அலைக்கழித்தால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி எழுத்தில் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்லவேண்டும். பொலிசில் மாட்டிக்கொண்டால் வாக்குமூலத்தைத் தமிழிலேயே கொடுங்கள். சிங்களத்தில் எழுதியிருந்தால், தமிழில் வாசித்துக் காட்டும்வரை கையெழுத்து வைக்காதீர்கள்.